மூன்றாவது படம் கத்தரிக்காய்

முதல் படம் சுத்தியல்.
'சுத்தி' என்றாள் அமலோற்பவம், யோசிக்காமல்.
இரண்டாவது ரம்பம். ரம்பம் என்றாள்.
மூன்றாவது கத்தரிக்காய்.

ரசல் மார்க்கெட்டில் இருபத்தாறு வருஷம்
சாக்கு விரித்துக் காய் விற்றவள்
அந்த ஊதா நிறத்தை உற்றுப் பார்த்தாள்.
'உசுருள்ளது' என்றாள்.
பிறகு, 'கடிக்குமா?'

நான் சிரித்துவிட்டேன்.
பவித்ரா ஹெக்டே மேடம் சிரிக்கவில்லை,
தாளில் சின்னதாகத் தப்பு போட்டார்.

காய்ச்சல் பதினோரு நாள்.
காதுக்கு மேலே, பொட்டுக்குப் பின்னால்
புகுந்த வைரஸ்
வீடு முழுக்கக் கொளுத்தாமல்
ஒரு பக்கத்தை மட்டும் தின்றுவிட்டுப் போனது.
ஸ்கேனை வெளிச்சத்தில் மாட்டி
டாக்டர் காட்டிய இடம்
டீக்கறை மாதிரி இருந்தது.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்:
மண்டைக்குள் சொற்கள் அகர வரிசையில் இல்லை.
திருகுபவை, வெட்டுபவை, தட்டுபவை
கையை ஒட்டிய மூலையில்.
முளைப்பவை, ஊர்பவை, மணப்பவை
கண்ணுக்கும் மூக்குக்கும் பக்கத்தில்.
'அப்படித்தான் நினைக்கிறாங்க,
இன்னும் சண்டை நடக்குது' என்றார் மேடம்.
நடக்கட்டும்.
என் வீட்டில் கத்தரிக்காய் இல்லை.

சொல் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை.
தமிழ் கைவிட்டதைக் கன்னடத்தில் கேட்கலாம்,
அதுவும் நழுவினால் உருது எடுத்துக் கொடுக்கும்.
சிவாஜிநகரில் எங்கள் எல்லோருக்கும்
நாக்கில் மூன்று கதவு.
மேடம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.
பதனேகாய்? தலையாட்டினாள், இல்லை.
பைங்கன்? இல்லை.
மூன்று கதவும்
ஒரே காலி அறைக்குள் திறந்தன.

தராசு தெரிகிறது. படிக்கல் தெரிகிறது.
இருநூறு கிராம் கல்லின் ஓரம் உடைந்தது
யார் கை தவறி, எந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்
என்பதுகூடச் சொல்கிறாள்.
தட்டில் என்ன வைப்பே என்றால்
'சரக்கு'.
அந்த ஒரு சொல்லைப் போட்டு
மொத்தச் சந்தையையும் மூடிவிட்டாள்.

பசு, நாய். கிளி, நாய்.
மீன், குட்டி நாய்.
எறும்புப் படத்தின் முன்னால் வெகுநேரம் இருந்தாள்.
'எனக்கு இது தெரியும்,
இதுக்குத்தான் என்னைத் தெரியல' என்றாள்.

செபமாலை மட்டும் ஐம்பத்து மூன்று மணியும்
தடங்காமல் உருள்கிறது.
கனி என்று வரும் இடத்தில் நிற்பாளோ என்று
ராத்திரி விழித்துக் காத்திருந்தேன்.
நிற்கவில்லை.
அங்கே கனி ஒரு பழமில்லை,
அடுத்த சொல்லுக்கு ஏறும் படி.

நான் மிக்ஸி ரிப்பேர் பார்ப்பவன்.
காயில் போனதா, கார்பன் பிரஷ் தேய்ந்ததா,
மூக்கே சொல்லிவிடும்.
கழற்றுவேன், துடைப்பேன், மாற்றுவேன்.
அவள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதெல்லாம்
என் விரல்கள் திருகாணி தேடுகின்றன.
வெட்கமாக இருக்கிறது.

அறுபது படமும் தீர்ந்த பிறகு
மேடம் என் போனை வாங்கி
அதிலிருந்த என் படத்தை நீட்டினார்.
கட்டிய நாளிலிருந்து என் பேரை அவள் சொன்னதில்லை,
'இந்தாங்க', இல்லையென்றால் 'கேக்குதா'.
அதனால் பேர் வரும் என்று நினைக்கவில்லை.
நாய் என்று சொல்லிவிடுவாளோ
என்றுதான் பயந்தேன்.

பார்த்தாள்.
வலது மணிக்கட்டு மெல்லத் திரும்பியது
காற்றில் எதையோ தளர்த்துவதுபோல்.
'ஸ்க்ரூ டிரைவர்' என்றாள்.

மேடம் தப்பு போடப் பேனாவைத் திறந்தார்.
கொஞ்சம் பொறுங்க என்றேன்.
எரியாத பக்கத்தில்
ரம்பத்துக்கும் சுத்திக்கும் நடுவே
எப்போதோ, காய்ச்சலுக்கெல்லாம் முன்பே
என்னை எடுத்து வைத்திருக்கிறாள்.

வெளியே ஓசூர் ரோட்டில் மழை.
ஆட்டோ எதுவும் நிற்கவில்லை.
'அந்தக் கம்பத்துக்குக் கீழ வாங்க' என்று
கையைப் பிடித்து இழுத்தாள்.
போய் நின்றோம்.
கம்பத்தின் இலைகள்
எங்கள் மேல் சொட்டிக்கொண்டிருந்தன.